ரோஜாத் துளிர் சிவந்தால் நோயா?

இந்த இதழில் ஒரு கடிதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. 600 ரோஜாச் செடிகளைப் பிடுங்கி எறிவதா, வைத்திருப்பதா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதழ் கைக்கு வரும்வரை அவர் காத்திருக்க முடியாது என்பதால், "பிடுங்க வேண்டாம், எதுவும் அடிக்க வேண்டாம்" என்று தபாலில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். கவாத்து முடிந்து துளிர்விடும் காலம் இது. இதே சந்தேகம் இன்னும் பலருக்கு வந்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். 30 சென்டில் ஆந்திரா சிவப்பு ரோஜா, 600 செடி, மகளிர் குழுவில் கடன் வாங்கி வைத்தது. இது இரண்டாவது வருடம். ஐப்பசிக் கடைசியில் முதல் தடவையாகக் கவாத்து செய்தோம். பத்தாம் நாள் எல்லாச் செடியும் துளிர்த்தது. ஆனால் துளிரெல்லாம் ரத்தச் சிவப்பு. செல்போனில் படம் எடுத்து மருந்துக் கடையில் காட்டினோம். வைரஸ் என்று சொல்லி மூன்று மருந்து கொடுத்தார்கள், 1,840 ரூபாய் ஆனது. மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். காலை 11 மணிக்கு மேல் ஆரம்பித்து அடித்தோம். 12 வரிசையில் 8 வரிசைக்குத்தான் மருந்து வந்தது. நாலு நாள் கழித்து, அடித்த செடிகளில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது. நோய் முற்றிவிட்டது, பிடுங்கி எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்றதுக்கும் பரவும் என்கிறார்கள். அடிக்காத 4 வரிசையில் கீழ் இலைகள் பச்சையாகிவிட்டன, நுனி மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அங்கேயும் அடிக்கலாமா? வீட்டுக்காரர் உழுதுவிட்டு செண்டுமல்லி போடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மருந்து அடிக்காத 4 வரிசையில் கீழ் இலைகள் பச்சையாகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். நோயாக இருந்திருந்தால் மருந்து படாத அந்த 200 செடிகள்தான் முதலில் கெட்டிருக்க வேண்டும். அவை நன்றாக இருக்கின்றன, மருந்து பட்ட 400 செடிகள் கருகியிருக்கின்றன. உங்கள் தோட்டத்துக்கு வந்தது நோய் இல்லை. சிவப்பாக வந்தது இயற்கையான துளிர். கருகியது மருந்தால்.

துளிர் ஏன் சிவக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமரம் துளிர்விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பு நிறத்தில் தளதளவென்று வரும். மாந்தளிர் நிறம் என்று புடவைக்கே பெயர் வைத்திருக்கிறோம். அரசமரமும் வேம்பும் கூட அப்படித்தான். அதைப் பார்த்து யாரும் மாமரத்துக்கு வைரஸ் என்று சொல்வதில்லை. ரோஜாவிலும் அதே கதைதான். இளம் இலையில் பச்சையம் முழுதாக உருவாகியிருக்காது. அந்த நிலையில் கடும் வெயில் பட்டால் இலைக்குள் இருக்கும் மென்மையான பாகங்கள் கெட்டுப்போகும். அதனால் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை இலை முதலில் உண்டாக்கிக்கொள்கிறது. வெயிலுக்கு நாம் தலையில் துண்டு போட்டுக்கொள்வது மாதிரி. இலை விரிந்து, தடித்து, பச்சையம் நிறைந்த பிறகு அந்தச் சிவப்பு தானாகக் குறைந்துவிடும்.

போன வருடம் இந்தச் சிவப்பைப் பார்க்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். போன வருடமும் இருந்திருக்கும். கவாத்து செய்யாத செடியில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று துளிர் வரும். பழைய பச்சை இலைகளுக்கு நடுவில் கண்ணில் படாது. கவாத்து செய்தால் எல்லாக் கிளையும் ஒரே வாரத்தில் துளிர்க்கிறது, மறைக்கப் பழைய இலையும் இல்லை. தோட்டம் முழுக்கச் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். இதோடு கார்த்திகை, மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்ளும். இரவுக் குளிர் அதிகமானால் இந்த நிறமி இன்னும் அடர்த்தியாகும். ரகத்துக்கு ரகமும் மாறும். அடர் சிவப்புப் பூ பூக்கும் ரகங்களில் பெரும்பாலும் துளிரும் அடர் சிவப்பாக இருக்கும். பன்னீர் ரோஜாவில் இளம்பச்சையில் லேசான செம்மை மட்டும் தெரியும். அதனால் பக்கத்துத் தோட்டத்தில் துளிர் பச்சையாக இருக்கிறது, நம்முடையது மட்டும் சிவப்பு என்று பயப்படுமுன், அங்கே என்ன ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நல்ல துளிரை எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்பேன். நல்ல துளிரின் இலை சிவப்பாக இருந்தாலும் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். காம்பின் இருபக்கமும் சிற்றிலைகள் ஒழுங்காக, ஒரே அளவில் இருக்கும். ஓரம் கருகாமல், சுருளாமல் இருக்கும். தண்டு நேராக மேலே போகும். முள்ளும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் வளையும். பத்து இருபது நாளில் அது இறுகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், பச்சை கீழிருந்து மேலே ஏறும். ஒரே தண்டில் அடியில் முதலில் விரிந்த இலை பச்சையாகியிருக்கும், நடுவில் இருப்பது பாதி மாறியிருக்கும், நுனி மட்டும் சிவப்பாக இருக்கும். மொட்டு வைக்கும்வரை நுனி சிவப்பாக இருப்பது வளர்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் 4 வரிசையில் நடப்பது இதுதான்.

சந்தேகம் இருந்தால் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. தோட்டத்தில் நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து துளிர்களில் கலர் நூல் கட்டி வையுங்கள். நூலை எந்த இலைக்கு நேரே கட்டினீர்களோ, அதையே ஐந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஓர் இலை விரிந்ததிலிருந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் அது பச்சையாகிவிட வேண்டும். பச்சையாகி வந்தால் மருந்து தேவையில்லை. மூன்று வாரம் தாண்டியும் சிவப்பாகவே நின்று, அதோடு இலை சிறுத்தோ, முறுக்கியோ, தடித்தோ போனால் அப்போது யாரையாவது வரவழைத்துக் காட்டுங்கள். படத்தைக் காட்டுவதைவிடத் துளிரையே ஒடித்துக்கொண்டு போய்க் காட்டுவது நல்லது. செல்போன் படத்தில் மினுமினுப்பும் தெரியாது, இலையின் அடிப்பக்கமும் தெரியாது.

இப்போது அந்த 8 வரிசைக்கு வருவோம். நீங்கள் எழுதியிருந்த மூன்று மருந்தின் பெயரையும் பார்த்தேன். ஒன்று பூச்சிக்கொல்லி, ஒன்று பூஞ்சணக்கொல்லி, மூன்றாவது வளர்ச்சி ஊக்கி. மூன்றில் ஒன்றுகூட வைரஸுக்கானது இல்லை. இருக்கவும் முடியாது. பயிருக்கு வந்த வைரஸை அழிக்கிற மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வைரஸைப் பரப்பும் பூச்சியைக் கட்டுப்படுத்தலாம், பாதித்த செடியை அகற்றலாம், அவ்வளவுதான். யாராவது வைரஸ் என்று சொல்லி, உடனே அதைக் குணப்படுத்த பாட்டிலையும் எடுத்து நீட்டினால் அங்கேயே நின்று யோசியுங்கள். கடைக்காரர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். "இதற்கு மருந்து வேண்டாம், பத்து நாள் பொறு" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு வியாபாரம் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பத்து, பன்னிரண்டு நாள் துளிரின் தோல் மிக மெல்லியது. அதில் எண்ணெய்ப் பதத்தில் வரும் மருந்தையும் வேறு இரண்டையும் கலந்து, வெயில் ஏறிய பிறகு அடித்தால் ஓரம் கருகத்தான் செய்யும். மருந்துக் கருகலை நோயிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிது. அடித்த இரண்டு மூன்று நாளில், அடித்த செடி எல்லாவற்றிலும், ஏறக்குறைய ஒரே வயதுள்ள இலைகளில் ஒரே மாதிரி கருகும். மருந்து சொட்டி நின்ற இலை நுனியிலும் ஓரத்திலும் அதிகமாக இருக்கும். அதற்குப் பிறகு அது பரவாது, அடுத்து வரும் இலை சுத்தமாக இருக்கும். நோய் அப்படி வராது. ஒரு மூலையில் பத்துச் செடியில் தொடங்கி, வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விரியும். மருந்து நின்ற வரிசையிலேயே நோயும் நின்றுவிட்டது என்றால் அது நோயே இல்லை.

அந்த 400 செடியிலும் கருகிய இலையைப் பறிக்க வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அந்த இலை செடிக்குச் சோறு போடும். நுனி முழுதாகக் கருகி நின்றுவிட்ட துளிரை மட்டும், நல்ல இலைக்கு மேலே கால் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். அடுத்த கணுவிலிருந்து புதுத் துளிர் வரும். அதுவும் சிவப்பாகத்தான் வரும், பயப்படாதீர்கள். தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேங்கவும் விடாதீர்கள். கவாத்தின்போது உரம் வைக்காமல் விட்டிருந்தால் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும், 6 கிராம் தழைச்சத்து, 12 கிராம் மணிச்சத்து, 12 கிராம் சாம்பல்சத்து கிடைக்கிற அளவு உரமும் வைத்து மண் அணையுங்கள். இலைவழி ஊக்கி எதுவும் இப்போது வேண்டாம்.

பூ எப்போது வரும் என்று கேட்பீர்கள். கவாத்திலிருந்து சுமார் 45 நாளில் பூ வர வேண்டும். அடிக்காத 4 வரிசையில் மார்கழிக் கடைசியில், பொங்கல் விலைக்குப் பறிக்கலாம். கருகிய 8 வரிசையில் துளிர் மறுபடி வரவேண்டியிருப்பதால் மூன்று வாரமாவது பின்தங்கும், தை முகூர்த்தத்துக்குத்தான் வரும். அந்த வருமான இழப்பு உண்மைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ரோஜா ஒரு முறை வைத்தால் பல வருடம் பலன் தரும் செடி. இரண்டாவது வருடத்தில் நிற்கும் 600 செடியை உழுதுவிட்டு மூன்று மாதச் செண்டுமல்லிக்குப் போவது கணக்குக்கு ஒத்துவராது. வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மனது கேட்கவில்லை என்றால், உங்கள் மாவட்டத்தில் காந்திகிராமத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கருகிய துளிர் ஒன்று, கருகாத துளிர் ஒன்று இரண்டையும் எடுத்துப் போய்க் காட்டி வாருங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் காட்டலாம்.

இன்னொரு விஷயம். செல்போனில் ஒரு படம் சுற்றுகிறது. அடர்சிவப்புத் துளிர்கள் துடைப்பம் மாதிரிக் கொத்தாக, தண்டு முழுக்க முள்ளாக நிற்கும் படம். அது அமெரிக்காவில் ரோஜாக்களைப் பெரிதும் பாதித்துவரும் ரோசட் என்ற வைரஸ் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்தி அதைப் பரப்புகிறது. அதில் துளிர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறவே மாறாது. ஒரே இடத்திலிருந்து பத்துப் பதினைந்து துளிர் நெருக்கமாகக் கிளம்பும். தண்டு, அது கிளம்பிய கிளையைவிடத் தடிமனாகக் கூட இருக்கும். முள் வழக்கத்தைவிடப் பல மடங்கு. இலை சிறுத்து முறுக்கும். இவையெல்லாம் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சந்தேகம். நான் போய்ப் பார்த்த தோட்டங்களில் இதுவரை கண்டதில்லை. வெறும் சிவப்பை வைத்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோஜாவில் சாதாரணமாக வரும் வைரஸ், மொசைக். அதிலும் இலை சிவக்காது. பச்சை இலையில் மஞ்சள் கோடு வளைந்து வளைந்து ஓடும். அது ஒட்டுக் கட்டும் குச்சி வழியாக வருவது. நாற்று வாங்கும்போதே தாய்ச்செடியைப் பார்த்து வாங்குவதுதான் அதற்கு வழி.

நோயே வராது என்று சொல்லவில்லை. துளிரை உண்மையாகவே கெடுப்பவை சில இருக்கின்றன. நம் பக்கத்தில் முதலிடம் இலைப்பேனுக்கு. துளிர் இலை மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் பழுப்பாகி, மினுமினுப்பு போய், சொரசொரவென்று ஆகிவிடும். மொட்டு வாய் திறக்காமல் நிற்கும், திறந்தாலும் இதழ் ஓரம் கருகியிருக்கும். ஒரு வெள்ளைத்தாளைத் துளிருக்குக் கீழே பிடித்து, துளிரை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். ஊசி முனை அளவில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நீளப் பூச்சிகள் ஊர்ந்தால் இலைப்பேன். எதுவும் விழவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் போதும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் 100 மி.லி. சேர்த்து மாலையில் அடியுங்கள். நீல நிற ஒட்டுப்பொறியும் கட்டலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் எந்த மருந்து, எவ்வளவு என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, ஒன்றை மட்டும் அடியுங்கள்.

அடுத்தது சாம்பல் நோய். பகலில் காய்ச்சலும் இரவில் குளிருமாக இருக்கும் இந்த மாதங்களில் வரும். இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் பாதித்த இளம் இலை சில ரகங்களில் செம்மை ஊதாவாக மாறி மேல்நோக்கிச் சுருளும். விரலால் தடவிப் பாருங்கள், விபூதி மாதிரி வெள்ளையாக ஒட்டும். மொட்டுக் காம்பிலும் அந்த வெள்ளை படிந்திருக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் கட்டுப்படும். வெயில் கடுமையாக இருக்கும் நாளிலும், வேப்ப எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும்.

அடிச்சாம்பல் நோய் பசுமைக்குடில் வைத்திருக்கும் ஓசூர், தளிப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இதில் வரும் சிவப்பு உண்மையிலேயே ஆபத்தான சிவப்பு. இலை முழுவதும் ஒரே சீராகச் சிவக்காது. நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக ஊதாச் சிவப்புத் திட்டு விழும். தொட்டால் இலை உதிரும். குளிரும் ஈரமும் சேர்ந்து, மேகமூட்டம் நாலைந்து நாள் நீடித்தால் ஒரே வாரத்தில் செடி மொட்டையாகிவிடும். நூல் கட்டிக் காத்திருக்கும் யோசனை இதற்குப் பொருந்தாது. திட்டைப் பார்த்த அன்றே உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, குடிலில் காற்றோட்டத்தைத் திறந்து, மெட்டலாக்ஸிலும் மேன்கோசெப்பும் கலந்து வரும் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் அடிக்க வேண்டும்.

கரும்புள்ளி நோயைப் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் முற்றிய கீழ் இலையில் தொடங்குவது, துளிர்ச் சிவப்போடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சிவப்புச் சிலந்தியும் அப்படியே. கோடையில், கீழ் இலையில், மேற்புறம் பொடிப் புள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படையோடு வரும்.

களைக்கொல்லிப் பாதிப்பை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பக்கத்துச் சோளக்காட்டிலோ மக்காச்சோளத்திலோ 2,4-டி அடித்தால் காற்றில் வந்து ரோஜாத் துளிர் பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்ளும். கிளைபோசேட் பட்டால் அடுத்த துளிர் ஊசி இலையாக, வெளுத்த மஞ்சளாக, கொத்தாக வரும். மேலே சொன்ன ரோசட் நோய் மாதிரியே தெரியும். பல இடங்களில் காரணம் பக்கத்து வயல் கூட இல்லை. வரப்புக்குக் களைக்கொல்லி அடித்த அதே டேங்கைக் கழுவி ரோஜாவுக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள், மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பட்டுவிட்ட செடிக்கு மாற்று மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் லேசாகப் பட்டவை ஒன்றிரண்டு துளிர்ப்பில் தேறிவிடும்.

கேள்வி: ஒட்டு ரோஜா வைத்திருக்கிறேன். சில செடிகளில் அடியிலிருந்து விரல் தடிமனில் சிவப்பாக ஒரு தண்டு கிளம்பி வேகமாக உயர்கிறது. காட்டுக்கிளை என்று சிலர் வெட்டச் சொல்கிறார்கள். வெட்டவா?

பதில்: எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள். மண்ணைக் கையால் விலக்கி, ஒட்டுக் கட்டிய முண்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே இருந்து வந்தால் அதுதான் உங்கள் செடியின் அடித்தளிர். அடுத்த சில வருடங்களுக்குப் பூ சுமக்கப்போகும் கிளை அதுதான், அதை வெட்டுவது வீட்டுத் தூணை அறுப்பது மாதிரி. முண்டுக்குக் கீழே இருந்து வந்தால் வேர்ச்செடியின் தளிர். அதில் இலையின் நிறமும் வடிவமும் மேலே உள்ளதற்கு ஒத்துப்போகாது, சிற்றிலைகள் சிறிதாக, பெரும்பாலும் 7 இருக்கும். 7 இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சில நல்ல ரகங்களிலும் 7 வரும். வேர்ச்செடித் தளிராக இருந்தால் மட்டத்துக்கு வெட்டாமல், அது கிளம்பும் இடத்திலேயே பிடித்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் ஒன்று இரண்டாக வரும். உங்களுடையது ஆரோக்கியமான துளிர்தான், யாருடைய துளிர் என்பதுதான் கேள்வி.

கேள்வி: எங்கள் ரோஜாவில் கொழுந்து இலை சிவப்பாக வராமல் வெளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. கிணற்றுத் தண்ணீர் உப்பு கலந்தது. இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு மண்ணிலும், கார அமிலத்தன்மை அதிகமான தண்ணீரிலும் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பெர்ரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து, வடிகட்டி, மாலையில் இலை நனைய அடியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தேவைப்படும். புதிதாக வரும் கொழுந்தின் நிறம் மாறினால் பலன் தெரிகிறது என்று அர்த்தம். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மேல்மண்ணில் வேர் அழுகும் அளவுக்குத் தண்ணீர் நின்றாலும் இதே மாதிரி மஞ்சளிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோஜா இலைகளின் ஓரத்தில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல அரைவட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது. புழு எதுவும் கண்ணில் படவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ. இலையை அது தின்பதில்லை, வட்டமாக வெட்டி எடுத்துப் போய் முட்டையிடக் கூடு கட்டுகிறது. செடிக்கு நட்டம் கிடையாது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் பூச்சி, உங்கள் கத்தரி, பூசணிக்கெல்லாம் அதனால் லாபம். மருந்து அடித்தால் அது செத்துப்போகும், வெட்டுப்பட்ட இலை ஒட்டிக்கொள்ளப் போவதும் இல்லை. வெட்டு அரைவட்டமாக, ஓரம் சுத்தமாக இருந்தால் தேனீ. தாறுமாறாகக் கிழிந்து, பூவிதழும் சேர்ந்து தின்னப்பட்டிருந்தால் இரவில் வரும் வண்டு. அதற்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய்க் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே நல்ல வழி.